எல்லா டெஸ்டும் நார்மல், ஆனாலும் நெஞ்சு எரிகிறதே?

கேள்வி: தென்கொரியாவில் சுவோன் நகரில் வசிக்கிறேன். எங்கள் வீட்டு ஓனரான கொரிய அம்மாவுக்கு 58 வயது. நெஞ்சுக்குழியில் உருண்டையாக ஏதோ அடைக்கிறது என்று சொல்லி, கையை மடக்கி மார்பில் குத்திக்கொள்கிறார். ஜனவரிக் குளிரிலும் உடம்பு தகிக்கிறது என்று ஜன்னலைத் திறந்து வைக்கிறார். இசிஜி, எண்டோஸ்கோப்பி எல்லாம் நார்மல். கேட்டால் 'ஹ்வாபியோங்' என்கிறார். நிஜமாகவே அப்படி ஒரு நோய் உண்டா?

பதில்: உண்டு. 'ஹ்வா' என்றால் நெருப்பு. கோபத்துக்கும் கொரியர்களுக்கு அதே சொல்தான். 'பியோங்' என்றால் நோய். பல வருடம் விழுங்கிய கோபம் உடம்பு வழியாக வெளியே வருவது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதியிருக்கும் அடைப்பு, தகிப்பு இரண்டோடு பெருமூச்சு, படபடப்பு, வாய் உலர்தல், தூக்கமின்மையும் சேர்ந்து வரும்.

நடுத்தர வயதைத் தாண்டிய பெண்களிடம்தான் இது அதிகம். காரணம் தேட ரொம்ப தூரம் போக வேண்டாம். புகுந்த வீட்டில் மருமகள் மூன்று வருடம் குருடு, மூன்று வருடம் செவிடு, மூன்று வருடம் ஊமை என்று இருக்க வேண்டும் என்பது அங்கே பழைய பேச்சு. ஒன்பது வருடம்! மாமியார், கணவர் என்று யாரிடமும் காட்ட முடியாத ஆத்திரம் வேறு எங்கே போகும்? 'ஒகுல்ஹே' என்று அவர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். 'எனக்கு இப்படி அநியாயம் பண்ணிவிட்டார்களே' என்ற ஆற்றாமை அது. என்னைக் கேட்டால், இந்த நோயின் வேரே அந்தச் சொல்தான்.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் மனநோய்களைப் பட்டியலிடும் தன் கையேட்டின் 1994 பதிப்பில், பின்னிணைப்பில் இதைச் சேர்த்தது. 2013 பதிப்பின் பட்டியலில் இது இல்லை. அதற்காக அந்த அம்மாவின் நெஞ்சு எரியாமல் இருக்குமா?

சிகிச்சை இருக்கிறது. கூடவே மனச்சோர்வும் பதற்றமும் இருப்பது சகஜம் என்பதால் மனநல மருத்துவரைப் பார்ப்பது நல்லது. கவுன்சலிங்கோடு, தேவைப்பட்டால் மனச்சோர்வுக்கான மாத்திரைகளும் தருவார். கொரியப் பாரம்பரிய மருத்துவர்களும் இதைப் பார்க்கிறார்கள். நடு மார்பில் விரலால் அழுத்தி, வலிக்கிறதா என்று பார்ப்பது அவர்கள் வழக்கம். அப்புறம், அந்த வயதில் மாதவிடாய் நின்ற பின் வரும் உடல் சூடு, தைராய்டுக் கோளாறு இரண்டும் இதே மாதிரி இருக்கும். ரத்தப் பரிசோதனை செய்தாரா என்று கேளுங்கள்.

'விடுங்கம்மா, பழைய கதை' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். இத்தனை வருடமும் அதைத்தானே எல்லோரும் சொல்லியிருப்பார்கள்! டீ போட்டுக் கொடுத்து, அவரைப் பேச விடுங்கள்.

ஒருநாள் வலி வழக்கத்துக்கு மாறாகக் கை, தாடை, முதுகு என்று பரவினாலோ, வியர்த்துக் கொட்டி மூச்சு வாங்கினாலோ, அவரே 'ஹ்வாபியோங்தான்' என்று சொன்னாலும் கேட்காதீர்கள். உடனே ஆம்புலன்ஸுக்கு 119-ஐ அழையுங்கள். போன மாத இசிஜி நார்மல் என்பது, மாரடைப்பு வராது என்பதற்கு ஜாமீன் ஆகாது.