அதே முழங்கையில் ஏன் வருகிறது? – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் தங்கைக்கு இரண்டு வருடமாகச் சொரியாசிஸ். முழங்கையிலும் தலையிலும் வெள்ளைச் செதில். களிம்பு போட்டால் போகிறது, நிறுத்தினால் அதே இடத்தில் வருகிறது. எதிர்ப்பு சக்தி குறைவு என்று அம்மா தெரிந்தவரிடம் பொடி வாங்கிக் கஷாயம் கொடுக்கிறார். கத்தரிக்காய், கருவாடு நிறுத்தியாயிற்று. வரன் பார்க்கிறோம். மாப்பிள்ளை வீட்டில் சொல்வதா, மறைப்பதா?

க.

அன்புள்ள தம்பி,

சொல்லிவிடுங்கள். கத்தரிக்காய் ஒத்துக்கொண்டால் தங்கை சாப்பிடட்டும்.

ஆனால் எதிர்ப்பு சக்தி குறைவு என்கிறீர்களே, அதை என்னால் விட முடியவில்லை. கொஞ்ச நாளாக இதே பேச்சை எங்கு போனாலும் கேட்கிறேன். தங்கைக்கு எதுவும் குறையவில்லை. அவள் தோலில் எதிர்ப்பு செல்கள் அளவுக்கு மீறி வேலை செய்கின்றன. எதிர்ப்பு செல்களில் ஒரு வகையான டென்ட்ரைட்டிக் செல்கள் ஐஎல்-23 என்ற புரதத்தைச் சுரக்கின்றன. அதனால் தூண்டப்பட்ட டி செல்கள் என்ற இன்னொரு வகை எதிர்ப்பு செல்கள் ஐஎல்-17 என்ற புரதத்தைச் சுரக்கின்றன. உடனே தோல் செல்கள் தாறுமாறாகப் பெருகுகின்றன. ஏறக்குறைய ஒரு மாதத்தில் மேலே வந்து உதிர வேண்டிய செல், சில நாட்களிலேயே முதிராமல் வந்து அடுக்கடுக்காக ஒட்டிக்கொள்கிறது. நீங்கள் பார்க்கும் செதில் அதுதான்.

மருத்துவர்களே வெகுகாலம் இதைத் தோலின் கோளாறு என்றுதான் நினைத்தார்கள். மாற்று உறுப்பை உடல் நிராகரிக்காமலிருக்க எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து சைக்ளோஸ்போரின். அதை மூட்டுவாதக்காரர்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, அவர்களில் சொரியாசிஸ் இருந்தவர்களுக்குத் தோலும் தெளிந்தது. 1979இல் அது வெளிவந்தது. அடக்கினால் தெளிகிற நோய், குறைந்ததால் வந்த நோயாக எப்படி இருக்கும்? அம்மாவை உட்கார வைத்து இதைச் சொல்லுங்கள். ஒருமுறை சொன்னால் போதாது.

அதே முழங்கையில் வருவதற்கும் காரணம் உண்டு. தோல் தெளிந்த பிறகும் சில டி செல்கள் பழைய இடத்திலேயே தங்கிவிடுகின்றன. மருந்து நின்றதும் அவை மறுபடி கிளம்புகின்றன.

என் அத்தைக்கு இது இருந்தது. பூத் தொடுத்து முடித்ததும் மடியில் உதிர்ந்த செதிலை யாரும் பார்க்குமுன் முற்றத்தில் உதறிவிட்டு வருவார். வீட்டில் அவருக்குத் தனித் துண்டு, தனிச் சொம்பு. இது தொற்றாது என்று எடுத்துச் சொல்ல ஒருவரும் இல்லை. பக்கத்து ஊரில் ஒருவர் ஊசி போட்டார். சில நாளில் தோல் பளபளத்தது, அவரைக் கைராசிக்காரர் என்றார்கள். ஊசி நின்றதும் அத்தைக்கு உடம்பெல்லாம் சிவந்து உரிந்தது. குளிர்க்காய்ச்சலில் வாழையிலை மேல் கிடந்தார். போட்டது ஸ்டீராய்டு. அதைத் திடீரென்று நிறுத்தினால் சொரியாசிஸ் முன்னைவிட மூர்க்கமாக எழக்கூடும்.

படித்த பிள்ளை நீங்கள், அந்தப் பொடியில் என்ன கலந்திருக்கிறது என்று ஒரு நாளாவது கேட்டீர்களா? சில நாட்டுமருந்துகளில் சொல்லாமல் ஸ்டீராய்டு கலக்கிறார்கள். அந்தப் பொடியை எடுத்துக்கொண்டு தங்கையைத் தோல் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். இப்போது ஐஎல்-17ஐ மட்டும் தடுக்கும் ஊசிகளே வந்துவிட்டன. செலவு அதிகம்தான், காசநோய் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போடுவார்கள். தேவையா என்று மருத்துவர் சொல்லட்டும்.

அப்புறம், காலையில் விரல்களை மடக்கச் சிரமப்படுகிறாளா என்று தங்கையிடம் கேளுங்கள். இந்த நோய் மூட்டையும் பிடிக்கும், சிதைந்த மூட்டு பழையபடி ஆகாது. ஆமென்றால் வரன் பார்ப்பதைத் தள்ளிப் போடுங்கள், மருத்துவரைத் தள்ளிப் போடாதீர்கள்.