உள்ளூர்த் தேர்தல் தரவை வைத்துச் செல்லாத ஓட்டுகளைக் குறைக்கவும், வாக்காளர் பட்டியலில் ஆட்களைக் கூட்டவும் முடியுமா?

முடியும். ஆனால் எல்லாரும் முதலில் தேடுகிற எண் இதற்கு உதவாது. "இந்தத் தேர்தலில் செல்லாத ஓட்டு இத்தனை சதவீதம்" என்பது தலைப்புச் செய்திக்கு ஆகும், வேலைக்கு ஆகாது. அமெரிக்காவில் திரும்பி வந்த தபால் ஓட்டுகளில் 2020-இல் 0.8 சதவீதமும் 2022-இல் 1.5 சதவீதமும் தள்ளுபடியாயின. சரி, இதைப் படித்துவிட்டு ஒரு கவுண்டியின் (நம்மூர் மாவட்டம் மாதிரி) தேர்தல் அலுவலர் எதை மாற்றுவார்? அவருக்கு வேண்டியது எண்ணிக்கைக்குப் பக்கத்தில் இருக்கும் இன்னொரு கட்டம்: ஓட்டு ஏன் தள்ளுபடியானது?

நான் தேர்தல் அலுவலகத்தில் வேலை பார்ப்பவன் இல்லை. பிழைப்பு தரவு வேலை. தேர்தல் கோப்புகளைத் தோண்டுவது ஒரு கிறுக்கு. அந்தக் கிறுக்கில் பார்த்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது வட கரோலைனா மாநிலம் வெளியிடும் தபால் ஓட்டுக் கோப்பு. ஒரு வாக்குச்சீட்டுக்கு ஒரு வரி. எந்தக் கவுண்டி, வாக்காளரின் வயது என்ன, சீட்டு எப்போது அனுப்பப்பட்டது, எப்போது திரும்பியது, இப்போது என்ன நிலை எல்லாம் அதில் உண்டு. நிலை என்ற இடத்தில் "ஏற்கப்பட்டது" என்றும் இருக்கும், "சாட்சி விவரம் முழுமையில்லை" என்றும் இருக்கும். அங்கே தபால் ஓட்டு உறையில் சாட்சியும் கையெழுத்திட வேண்டும். தேர்தல் காலத்தில் இந்தக் கோப்பு தினமும் புதுப்பிக்கப்படுவதால், ஓட்டு எண்ணி முடியும் முன்பே ஒரு கவுண்டியில் சாட்சிப் பிரச்சினை குவிவது கண்ணில் படும். திருத்த அவகாசம் இருக்கும்போதே அந்த வாக்காளரைத் தொலைபேசியில் பிடித்துவிடலாம். தேர்தல் முடிந்து ஆறு மாதம் கழித்து வரும் அழகான அறிக்கையைவிட இந்த அழகில்லாத கோப்பு எத்தனையோ மேல்.

காரணங்களைப் பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் வாக்காளர் குற்றவாளியாக இருக்க மாட்டார். டெக்சஸைப் பாருங்கள். 2021-இல் வந்த சட்டப்படி, தபால் ஓட்டு போடுபவர் உறையில் ஓட்டுநர் உரிம எண்ணையோ சமூகப் பாதுகாப்பு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களையோ எழுத வேண்டும். அது அவருடைய பதிவில் உள்ள எண்ணோடு பொருந்தவும் வேண்டும். எழுத வேண்டிய இடம் எங்கே இருந்தது தெரியுமா? உறையை ஒட்டும் மடிப்புக்கு அடியில். 2022 மார்ச்சில், கட்சிகள் தங்கள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதனிலைத் தேர்தலில் 24,000-க்கும் மேற்பட்ட தபால் ஓட்டுகள், அதாவது ஏறத்தாழ 12 சதவீதம், தள்ளுபடியாயின. அதற்கு முன்பு அந்த மாநிலத்தில் ஒரு சதவீதத்தை ஒட்டித்தான் இருந்தது. ஒரு மாநிலத்தில் தபால் ஓட்டுப் போடும் முதியவர்கள் எல்லாரும் திடீரென்று கவனக்குறைவாகிவிட மாட்டார்கள் அல்லவா? கவுண்டி அலுவலகங்கள் தள்ளுபடிக் காரணங்களைப் பார்த்து, எழுத வேண்டிய இடத்தைச் சுட்டிக்காட்டும் குறிப்புத் தாள்களை உறையோடு வைக்க ஆரம்பித்தன. அதே ஆண்டு நவம்பர் தேர்தலில் தள்ளுபடி 3 சதவீதத்துக்கும் கீழே வந்தது. சட்டம் அப்படியேதான் இருந்தது.

பென்சில்வேனியாவில் தேதிதான் தலைவலியாக இருந்தது. வெளியுறையில் வாக்காளர் கையெழுத்திட்டுத் தேதியும் போட வேண்டியிருந்தது. சிலர் தேதியை விட்டுவிட்டார்கள், சிலர் பிறந்த தேதியை எழுதினார்கள். 2024 முதனிலைத் தேர்தலுக்கு உறையை மாற்றி வடிவமைத்தபோது, ஆண்டுக்கான கட்டத்தில் "20" என்று முன்கூட்டியே அச்சிட்டார்கள். பிறந்த ஆண்டை எழுதும் வழக்கம் இதனால் நின்றுவிடும் என்பது கணக்கு. பலனும் இருந்தது. ஆனால் புதிதாக ஒன்று முளைத்தது: மீதி "24"-ஐ எழுதாமலே சிலர் அனுப்பிவிட்டார்கள். அப்புறம் நவம்பருக்கு "2024" முழுவதையும் அச்சிட்டுவிட்டார்கள். காரணத்தைப் பதிவு செய்யும் வழக்கம் இல்லாதிருந்தால் இந்த இரண்டாவது திருத்தம் யாருக்கும் தோன்றியிருக்காது.

நம்மூரில் இதே வேலையைச் செய்ய நினைத்தால் இங்கேதான் முட்டும். சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களுக்குப் படிவம் 20 என்ற முடிவுத் தாள் பூத் வாரியாகக் கிடைக்கிறது. நல்ல ஆவணம். தபால் ஓட்டுகளுக்குத் தனி வரிசை, தள்ளுபடியானவற்றுக்குத் தனிக் கட்டம். ஆனால் காரணம் இல்லை. உறுதிமொழிப் படிவமான 13ஏ உறைக்குள் இல்லையா? கையெழுத்து இல்லையா? சான்றொப்பம் இல்லையா? அதிலுள்ள வாக்குச்சீட்டு எண் உள்ளுறையில் இருக்கும் எண்ணோடு பொருந்தவில்லையா? ஒவ்வொன்றுக்கும் தீர்வு வேறு. முதல் மூன்றையும் உறையை வாங்கும் இடத்திலேயே ஒருவர் சரிபார்த்தால் போதும்.

சின்ன விஷயம் என்று நினைப்பவர்கள் ராதாபுரத்தை நினைத்துப் பார்க்கலாம். 2016 சட்டமன்றத் தேர்தலில் அங்கே அ.தி.மு.க.வின் இன்பதுரைக்கும் தி.மு.க.வின் மு. அப்பாவுவுக்கும் வித்தியாசம் 49 ஓட்டு. தள்ளுபடியான தபால் ஓட்டுகள் 203. தலைமையாசிரியர்கள் போட்ட சான்றொப்பம் செல்லுமா செல்லாதா என்பதுதான் வழக்கு. 2019 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் மறு எண்ணிக்கைக்கு உத்தரவிட்டது. முடிவை அறிவிக்க உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. யார் சான்றொப்பமிடலாம் என்பதைத் தேர்தல் பணியாளர்களுக்கான பயிற்சி வகுப்பிலேயே அடித்துச் சொல்லியிருந்தால் இத்தனை ஆண்டு வழக்கு தேவைப்பட்டிருக்குமா என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

யாருடைய ஓட்டு அதிகம் தள்ளுபடியாகிறது என்பதையும் தரவு காட்டும், ஆனால் இங்கே நிதானம் வேண்டும். வாஷிங்டன் மாநிலத் தணிக்கையாளர் 2020 பொதுத்தேர்தலை ஆராய்ந்து 2022-இல் வெளியிட்ட அறிக்கையில், கறுப்பின வாக்காளர்களின் ஓட்டு வெள்ளையர்களைப் போல் நான்கு மடங்கு விகிதத்தில் தள்ளுபடியானது தெரிந்தது. இளையவர்கள், புதிதாக ஓட்டுப் போடுபவர்கள் நிலையும் மோசம். கவுண்டிக்குக் கவுண்டி வித்தியாசமும் இருந்தது. அலுவலர்கள் பாரபட்சம் காட்டியதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்றும் அதே அறிக்கை சொன்னது. இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். இன்னொன்று: ஐந்து தபால் ஓட்டு வந்த இடத்தில் ஒன்று போனால் 20 சதவீதம். அதை வரைபடத்தில் சிவப்பாகத் தீட்டி ஊரைக் கூட்டாதீர்கள். பல தேர்தல்களைச் சேர்த்துப் பாருங்கள்.

பட்டியலில் ஆள் கூட்டுவதற்கு வருவோம். இங்கேயும் மொத்த எண் ஏமாற்றும். பட்டியலில் செத்தவர்களும் இடம் மாறியவர்களும் இருந்தால், ஒரு ஊரில் நூற்றுக்கு நூறு பதிவு என்று காட்டிக்கொண்டே நிறைய இளைஞர்கள் வெளியே நிற்கலாம். 2012-இல் அமெரிக்காவில் பியூ அறக்கட்டளை வெளியிட்ட கணக்கில், பதிவுகளில் எட்டில் ஒன்று காலாவதியானது அல்லது பெரும்பிழை உள்ளது. அதே சமயம் தகுதியிருந்தும் பதியாதவர்கள் 5 கோடிக்கு மேல். அதனால் வயது வாரியாகப் பாருங்கள். ஒரு பூத்தில் 18-19 வயதினர் எத்தனை பேர், 20-29 எத்தனை பேர்? முதல் குழு மட்டும் திடீரென்று சுருங்கியிருந்தால், ஆட்கள் இல்லை என்று அர்த்தமில்லை, அவர்களிடம் யாரும் பெயர் சேர்க்கும் படிவம் 6 கொடுக்கவில்லை என்றுதான் அர்த்தம். 2022 முதல் ஆண்டுக்கு நான்கு தகுதி நாட்கள் இருக்கின்றன: ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1. 17 வயது முடிந்தாலே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம். இது தெரியாத கல்லூரிகள் இன்னும் ஏராளம். அந்தப் பூத் பட்டியலோடு பக்கத்துக் கல்லூரிக்குப் போவது, ஊர் முழுக்கத் தட்டி வைப்பதைவிட மலிவு.

பல துறைத் தரவுகளை இணைத்தால் எல்லாம் தானாக நடந்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். ஓரிகன் மாநிலம் 2016-இல் அப்படித்தான் ஓட்டுநர் உரிமத் தரவிலிருந்து தானியங்கிப் பதிவைத் தொடங்கியது. பதிவும் நன்றாகவே கூடியது. ஆனால் குடியுரிமைச் சான்று காட்டாத ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் உரிம அலுவலகப் பதிவுப் பிழையால் பட்டியலில் சேர்ந்திருந்தது 2024-இல் தெரியவந்தது. இணைப்பதற்கு எதிராக நான் சொல்லவில்லை. இணைத்த பின் மாதிரி எடுத்துச் சரிபார்க்க ஓர் ஆள் வேண்டும்.

உங்கள் ஊரில் தொடங்குவதானால், தேர்தல் அலுவலகத்தில் காரணம் வாரியான தள்ளுபடிக் கணக்கையும், பூத் வாரியான வயதுக் கணக்கையும் எழுத்தில் கேளுங்கள். முதலாவதை "அப்படிப் பராமரிப்பதில்லை" என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். அப்போது அடுத்த எண்ணிக்கைக்கு முன் காரணத்தைக் குறிக்க ஒரே ஒரு கட்டம் சேர்க்கச் சொல்லி மனுக் கொடுங்கள்.