வாசகர் கேள்வி-பதில்: மலாவியின் பசிக்கு நம் சபை என்ன செய்யலாம்?

எல் நினோ வறட்சியால் 2024 மார்ச்சில் தென்கிழக்கு ஆப்பிரிக்க நாடான மலாவியின் 28 மாவட்டங்களில் 23-இல் பேரிடர் நிலை அறிவிக்கப்பட்டது. அந்த நாட்டின் பசி நிவாரண ஊழியம் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

எங்கள் மிஷனெரி சங்கம் அரிசி, பால்பவுடர், பழைய துணி சேர்த்து ஒரு கன்டெய்னர் அனுப்ப நினைக்கிறது. அனுப்பலாமா? (நாசரேத்)

வேண்டாம். மலாவிக்குக் கடற்கரை கிடையாது. மொசாம்பிக்கின் பெய்ரா, நகாலா போன்ற துறைமுகத்தில் இறக்கி, சுங்கம் முடித்து, மறுபடி ஏற்ற வேண்டும். காணிக்கையில் பெரும்பங்கு வாடகையிலேயே கரைந்துவிடும். அங்கே தினச்சாப்பாடு மக்காச்சோள மாவில் கிண்டும் ந்சிமா. நவம்பர், டிசம்பர் மழையில் விதைத்து ஏப்ரல், மே மாதங்களில் அறுப்பார்கள். வீட்டில் தானியம் தீர்ந்து, சந்தையில் விலை ஏறி, ஜனங்கள் தவிப்பது ஜனவரி முதல் மார்ச் வரை. உங்கள் பணம் ஜூன், ஜூலையில் போய்ச் சேர்ந்தால் அங்குள்ள சபையே அக்கம்பக்கத்து விவசாயிகளிடம் வாங்கி இருப்பு வைக்கும். ஏப்ரலில் இலவச மூட்டை போய் இறங்கினால் அதே விவசாயிகளுக்கு விலை விழும்.

இருப்பு வைக்கும் தானியத்தில் ஈரம் 13 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. கருவி இல்லாத ஊரில் உப்பை வைத்து ஓரளவு கண்டுபிடிக்கலாம். உலர்ந்த கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தானியம் போட்டு, வறண்ட உப்பு இரண்டு மூன்று கரண்டி சேர்த்து, ஒரு நிமிடம் நன்றாகக் குலுக்கிக் கால் மணி நேரம் வையுங்கள். பாட்டில் சுவரில் உப்பு ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். மறுபடி வெயிலில் போட வேண்டியதுதான். ஒட்டாவிட்டால் 15-க்குக் கீழே என்றுதான் பொருள், 13-க்கு இறங்கிவிட்டது என்றல்ல. ஈரத்தோடு கட்டினால் பூஞ்சை பிடித்து அஃப்ளாடாக்சின் நஞ்சு சேரும். மாவாக அரைத்தாலும் வேகவைத்தாலும் அது போகாது.

பால்பவுடர் விஷயத்தில் இன்னும் கண்டிப்பாகச் சொல்கிறோம். சுத்தமான தண்ணீர் இல்லாத வீட்டில் அது வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும். டின் சீக்கிரம் தீராமலிருக்கத் தாய் தண்ணீரைக் கூட்டுவாள். அதற்குள் தாய்ப்பாலும் வற்றிவிடும்.

எலும்பும் தோலுமாக வரும் குழந்தையை மிஷன் ஆஸ்பத்திரியில் எப்படிக் கவனிக்கிறார்கள்? நன்றாகச் சாப்பிடக் கொடுத்தால் போதாதா? (மார்த்தாண்டம், ஒரு செவிலியர்)

முதலில் அளவு. ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையின் இடது கையில், தோள் நுனிக்கும் முழங்கை நுனிக்கும் சரிபாதியில் நாடாவைச் சுற்றுகிறார்கள். கை தளர்ந்து தொங்க வேண்டும். 115 மில்லிமீட்டருக்குக் கீழே என்றால் கடுமையான ஊட்டக்குறைவு, நாடாவில் சிவப்பு. 115-இலிருந்து 125-க்குள் என்றால் மிதமானது, மஞ்சள். தோல் சுருங்கும்படி நாடாவை இறுக்கினால் நலமான குழந்தையும் சிவப்பில் விழும். தொளதொளவென்று விட்டால் சாகக்கிடக்கும் குழந்தை மஞ்சளில் போய்விடும். பிறகு இரண்டு பாதங்களையும் கட்டைவிரலால் மூன்று விநாடி அழுத்திப் பார்ப்பார்கள். இரண்டிலும் குழி நின்றால் அது நீர்வீக்கம். அந்தக் குழந்தை குண்டாகத் தெரிந்தாலும், நாடா என்ன சொன்னாலும், கடுமையான நிலைதான்.

பசியெடுத்து உண்கிற, வேறு ஆபத்தான நோய் இல்லாத குழந்தைக்கு ஆஸ்பத்திரிப் படுக்கை தேவையில்லை. நிலக்கடலை, பால்பவுடர், சர்க்கரை, எண்ணெய், சத்துக் கலவை சேர்ந்த பசைப் பாக்கெட்டை வீட்டுக்கே கொடுத்துவிடுவார்கள். (பால்பவுடர் இங்கே இருக்கிறதே என்று கேட்கலாம். இந்தப் பசையில் தண்ணீர் கலக்கும் வேலையே இல்லை. ஈரம் மிகக் குறைவு என்பதால் கிருமியும் பெருகாது.) ஒரு பாக்கெட் 92 கிராம், 500 கிலோகலோரி. உலக சுகாதார நிறுவனத்தின் 2023 வழிகாட்டுதல், உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 150 முதல் 185 கிலோகலோரி என்கிறது. ஏழு கிலோ குழந்தைக்கு இரண்டு முதல் இரண்டரைப் பாக்கெட். கூடவே குடிக்கச் சுத்தமான தண்ணீர் வேண்டும்.

எடை ஏறவில்லை என்றால் தாயைக் கடிந்துகொள்ளாதீர்கள். வீட்டில் இன்னும் மூன்று பிள்ளைகள் பசியோடு பார்த்துக்கொண்டிருந்தால் எந்தத் தாயும் பாக்கெட்டைப் பங்கிடத்தான் செய்வாள். அந்த வீட்டுக்கு மாவும் பயறும் சேர்த்துக் கொடுத்தால்தான் பாக்கெட் உரிய வாய்க்குப் போகும்.

சாப்பிடவே மறுக்கிற, சோர்ந்து கிடக்கிற குழந்தையை உள்நோயாளியாகச் சேர்க்க வேண்டும். அங்கே தொடக்கம் எஃப்-75 பால். 100 மில்லியில் 75 கிலோகலோரி, புரதமும் உப்பும் குறைவு. இரவிலும் நிறுத்தாமல் இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை, கொஞ்சம் கொஞ்சமாக. நெடுநாள் பட்டினி கிடந்த உடம்பில் திடீரென்று அதிக உணவு சேர்ந்தால் ரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் சரிந்து இதயம் நின்றுவிடலாம். அதிர்ச்சி நிலை (ரத்த ஓட்டம் அபாயகரமாகக் குன்றிய நிலை) இல்லாத குழந்தைக்கு டிரிப் ஏற்றுவதும் ஆபத்து. அந்த நீர்ச்சுமையைப் பலவீனமான இதயம் தாங்காது. இரும்புச்சத்து மருந்தும் முதல் நாட்களில் கூடாது. இரக்கப்பட்டு யாரோ ஊட்டிய ஒரு கிண்ணம் ந்சிமா உயிருக்கே உலை வைத்துவிடலாம்.

முருங்கையிலைப் பொடி கொடுத்தால் ஆகாதா? (திருச்சி)

கீரையாக மிக நல்லது. ஆனால் இந்தக் குழந்தைக்குச் சிறிய வயிற்றில் நிறைய சக்தியும் கொழுப்பும் போய்ச் சேர வேண்டும். அது இலையில் இல்லை. தேறி வீடு திரும்பிய பிறகு குடும்பச் சாப்பாட்டில் சேர்க்கட்டும்.

சபை மூலம் விவசாயம் கற்றுக்கொடுத்தால் பசி நிரந்தரமாகத் தீருமா? (பாளையங்கோட்டை)

பெருமளவு குறையும், பாடுபட்டால். 1980-களில் ஜிம்பாப்வேயில் பிரையன் ஓல்ட்ரீவ் என்ற விவசாயி, காட்டு நிலத்தில் ஏரும் ஓடவில்லை, தரையும் வெறுமையாக இல்லை என்று கவனித்து வகுத்த உழவில்லா முறையை ஆப்பிரிக்காவின் பல சபைகள் கற்றுத்தருகின்றன. வரிசைக்கு வரிசை 75 சென்டிமீட்டர், குழிக்குக் குழி 60, ஆழம் 15. குழிக்கு அரை லிட்டர் எரு போட்டு மண் மூடி, நல்ல மழை பெய்ததும் மூன்று விதை. முளைத்த பின் இரண்டை விட்டு ஒன்றைப் பிடுங்கிவிட வேண்டும். தரையெங்கும் தட்டையும் சருகும் மூடாக்கு.

நம் கணக்கில் 25 சென்ட்டுக்குச் சுமார் 2,250 குழி, 1,100 லிட்டருக்குக் குறையாத எரு. முதல் வருடம் அதற்கு மேல் யாரையும் தூண்டாதீர்கள். குழி வெட்டுவது மழைக்கு முன்பே முடிய வேண்டும். தாமதமானால் எல்லாம் வீண். மூடாக்கை ஆடு தின்றுவிடும், எலி பிடிக்க வருகிறவர்கள் தீ வைத்துவிடுவார்கள். கிராமத் தலைவரை முதலிலேயே கூட்டிப் பேசாத திட்டங்கள் இதில்தான் தோற்கின்றன. எரு குறைந்தால் சருகு மட்கும்போது தழைச்சத்தை இழுத்துக்கொண்டு பயிர் வெளுக்கும். உழாததால் களையும் அதிகம், அந்த வேலை பெண்கள் தலையில் விழும். படைப்புழு தொல்லையைத் தமிழ்நாட்டு மக்காச்சோள விவசாயிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அங்கும் குருத்தைத் தவறாமல் பிரித்துப் பார்த்தே ஆக வேண்டும்.

உணவு கொடுக்குமுன் ஐந்து நிமிடமாவது சுவிசேஷம் சொல்லலாமே? (சென்னை)

வரிசையில் நிற்கிறவர்களிடம் வேண்டாம். பிள்ளைக்கு மாவு வேண்டி நிற்கிற தாய் எழுந்துபோக முடியாது. அப்படிக் கேட்க வைப்பது அவளுக்கும் சுவிசேஷத்துக்கும் அவமரியாதை. உதவியை மதப் பிரசாரத்துக்குப் பயன்படுத்தக்கூடாது என்று நிவாரண அமைப்புகளின் 1994 நடத்தை விதியும் சொல்கிறது. ஆதி சபையில் விதவைகளின் பந்தி விசாரிப்பில் பாரபட்சம் என்று முறுமுறுப்பு எழுந்ததும் அப்போஸ்தலர் ஏழு பேரை நியமித்தார்கள். இன்றும் பயனாளிகள் பட்டியலை ஊர் நடுவில் உரக்க வாசியுங்கள். முஸ்லிம் வீடு, சபைக்கு வராத வீடு விடுபட்டதா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

நாங்கள் கொடுப்பது சரியாகச் சேருகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? (நாகர்கோவில்)

சபை டிரஸ்டாகப் பதிவாகியிருந்தால் முதலில் ஆடிட்டரைக் கேளுங்கள். இந்தியாவுக்கு வெளியே செலவிடும் தர்மப் பணத்துக்குத் தனி ஒப்புதல் இல்லாமல் வரிவிலக்கு கிடைக்காது. பிறகு நான்கு காகிதங்கள் கேட்டு வாங்குங்கள்: எந்த மாதம் என்ன விலைக்கு வாங்கினார்கள் என்ற ரசீது, கிடங்கு இருப்புப் பதிவேடு, கைரேகையோ கையெழுத்தோ உள்ள விநியோகப் பட்டியல், கெட்டுப்போன மூட்டைகளின் கணக்கு. நான்காவதில் ஒன்றுமே இல்லை என்று எழுதி வந்தால் மறுபடி விசாரியுங்கள். வண்டும் எலியும் நுழையாத மக்காச்சோளக் கிடங்கு அபூர்வம்.