கொப்பியில் போட்ட சரி, கடனுக்குச் சாட்சியாகுமா?

கேள்வி: கொக்குவிலில் வீட்டோடு சேர்த்துச் சிறுவர் பகல் பராமரிப்பு நிலையம் நடத்துகிறேன். 18 பிள்ளைகள், மாதக் கட்டணம் 12,000 ரூபாய். உதவிக்கு இரண்டு பெண்கள். ஒரு பிள்ளையின் தகப்பன் நாலு மாதக் காசு தரவில்லை. கேட்டால், பின்னேரம் பிள்ளையைக் கூட்டிப்போக வரும்போது உதவியாளரிடம் கொடுத்துவிட்டேன் என்கிறார். அவவோ வாங்கவேயில்லை என்கிறா. நான் பற்றுச்சீட்டு எழுதுவதில்லை. கொப்பியில் பெயருக்கு நேரே சரி போடுவேன். வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம். ஆனால் அந்தக் கொப்பியை மட்டும் நம்பிப் போகாதீர்கள். ஒழுங்காக எழுதிவந்த கணக்குப் புத்தகத்தை இலங்கையின் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 34 ஆம் பிரிவு ஏற்கிறது. அதே பிரிவு, அந்தப் பதிவு மட்டுமே ஒருவர் தலையில் கடனைச் சுமத்தப் போதாது என்றும் சொல்கிறது. உங்களிடம் இருப்பதோ சரி போடாத நாலு கட்டங்கள்.

கட்டினேன் என்பவர்தான் கட்டியதை நிரூபிக்க வேண்டும். இது உங்களுக்குச் சாதகம். நீங்கள் காட்ட வேண்டியவை இரண்டு: அந்த நாலு மாதமும் பிள்ளை வந்தது, மாதம் 12,000 என்று பேசியது. வரவு இடாப்பில் பிள்ளையை விட்ட நேரம், கூட்டிப்போன நேரம், பெற்றோர் கையெழுத்து மூன்றும் இருந்தால் முதலாவது முடிந்தது. முன்பு ஒரு மாதமாவது அவர் 12,000 ரூபாயை வங்கியில் போட்டிருந்தால் இரண்டாவதற்கு அது நல்ல பலம்.

இடிக்கிற இடம் உதவியாளர். இதற்கு முன் மற்றப் பெற்றோரிடம் அவர் காசு வாங்கி உங்களிடம் தந்ததுண்டா? உண்டென்றால், அவரிடம் கொடுத்தது உங்களிடம் கொடுத்ததாகவே கொள்ளப்படலாம். பிறகு காசு எங்கே போனது என்பது உங்களுக்கும் அவருக்கும் உள்ள வழக்கு. இதைத் தெளிவாக விசாரித்துவிட்டுத்தான் கடிதம் எழுத வேண்டும்.

நாளைக் கடத்தாதீர்கள். 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி வழக்குப் போடும் கால எல்லை, எழுத்து ஒப்பந்தத்துக்கு 6 வருடம், வாய்ப்பேச்சு ஒப்பந்தத்துக்கு 3 வருடம். செய்த வேலைக்கான கூலிக்கு 1 வருடம்தான். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி இதைத்தான் பிடிப்பார். ஆகவே 1 வருடம் என்றே எண்ணி நடவுங்கள். முதலில் மாதவாரியாகத் தொகையைக் குறித்துப் பதிவுத் தபாலில் ஒரு கோரிக்கைக் கடிதம். தபால் துண்டைக் கடிதப் பிரதியில் ஒட்டி வையுங்கள். "அடுத்த மாதம் தாறன்" என்று அவர் கையெழுத்திட்டு ஒரு வரி தந்தாலே பாதி வழக்கு முடிந்தது. வட்ஸ்அப் செய்தியையும் அழிக்காதீர்கள்; 2006 இன் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல் சட்டம் அதைச் சான்றாகக் காட்ட இடம் தருகிறது. 48,000 ரூபாய்க்கு நேரே நீதிமன்றம் போக முடியாது. பிணக்குகளைப் பேசித் தீர்க்கும் மத்தியஸ்த சபைக்குப் போய், இணக்கம் வராவிட்டால் அங்கே தரும் சான்றிதழோடுதான் வழக்கு. சபையில் சட்டத்தரணிகள் தோன்றுவதில்லை. இடாப்பும் கடிதமும்தான் உங்களுக்காகப் பேச வேண்டும்.

காசு தரும்வரை பிள்ளையைக் கூட்டிப்போக விடமாட்டேன் என்று மட்டும் ஒருநாளும் சொல்லாதீர்கள். கடன்காரர் அவர், குற்றவாளி நீங்கள் என்றாகிவிடும். பெற்றோர் குழுவில் அவர் பெயரைப் போடுவதும் வேண்டாம்.

இனிமேலுக்கு, கடையில் கார்பன் வைத்து எழுதும் இலக்கமிட்ட பற்றுச்சீட்டுப் புத்தகம் ஒன்று வாங்குங்கள். திகதி, பிள்ளையின் பெயர், எந்த மாதத்துக்கான காசு, எழுத்திலும் இலக்கத்திலும் தொகை, மிச்ச நிலுவை. பாதிக் காசு வரும்போது மாதத்தை எழுதாமல் விடுவதுதான் பின்னால் சண்டையாகிறது. பிழைத்த சீட்டைக் கிழிக்காமல், இரண்டு பிரதியிலும் குறுக்கே கோடிட்டு வையுங்கள். காசு வாங்க ஒருவரை மட்டும் நியமித்து, அவர் பெயரை வாசலில் ஒட்டுங்கள்.

வங்கி இயந்திரத்தில் போடுகிறவர்களால் வேறு தொல்லை. 5 ஆம் திகதி ஐந்து பேர் 12,000 போட்டால், வங்கிக் கூற்றில் யார் எவரென்று தெரியாது. அன்றே சீட்டைப் படமெடுத்து, பிள்ளையின் இடாப்பு இலக்கத்தோடு அனுப்பச் சொல்லுங்கள். அந்தச் சீட்டின் எழுத்து மங்கிவிடும். பிரதி எடுத்து வையுங்கள். வீட்டுச் செலவு ஓடும் கணக்கில் இந்தக் காசைக் கலக்காதீர்கள். சேரும்போது வாங்கும் வைப்புப்பணம் வருமானமல்ல, திருப்பிக் கொடுக்க வேண்டிய கடன். அதற்குத் தனி நிரல். நிலுவையை அதில் கழிக்கலாம் என்று அனுமதிப் படிவத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அதுவே உங்கள் எழுத்து ஒப்பந்தமும் ஆகும்.

நீங்கள் கேட்காத ஒன்று: ஒரே ஒரு ஊழியர் என்றாலும் ஊழியர் சேமலாப நிதி உண்டு. சம்பளம் 30,000 என்றால் உங்கள் பங்கு 12 வீதம், 3,600. அவரிடம் கழிப்பது 8 வீதம், 2,400. ஊழியர் நம்பிக்கை நிதிக்கு உங்கள் கையால் 3 வீதம், 900. அடுத்த மாத முடிவுக்குள் கட்டாவிட்டால் மேலதிகக் கட்டணம் ஏறும். சம்பளக் கையெழுத்துத் தாளும் பற்றுச்சீட்டு அடிக்கட்டைகளும் குறைந்தது 6 வருடம் அலுமாரியில் இருக்கட்டும்.