மஞ்சள் குறித்துக் கேளுங்கள்: ஓய்வு பெற்ற உணவுப் பகுப்பாய்வாளரின் பதில்கள்

வணக்கம். உணவுப் பகுப்பாய்வுக் கூடத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான், மருத்துவன் அல்லன். மஞ்சளின் வேதியியல், கலப்படம், சமையலறைப் பயன்பாடு ஆகியவற்றைப் பற்றிக் கேளுங்கள். நோய்க்கு மருந்து கேட்க வேண்டாம்.

கேள்வி (பவானி): விரலி மஞ்சளை வாங்கி அரைப்பது நல்லதா, பொட்டலத் தூளே போதுமா?

பதில்: அரைத்துக்கொள்வதே நல்லது, ஆனால் பளபளக்கும் விரலியைப் பார்த்து மயங்காதீர்கள். வயலிலிருந்து வந்த கிழங்கை வேகவைத்து, வெயிலில் உலர்த்தி, உருளையில் இட்டு மெருகேற்றிய பிறகே சந்தைக்கு அனுப்புகிறார்கள். மங்கிய சரக்குக்கு நிறமேற்ற, இந்த மெருகேற்றும் கட்டத்திலேயே காரீயம் கலந்த மஞ்சள் நிறமியைச் சிலர் தூவிவிடுகிறார்கள். வங்கதேசத்தில் 2019-இல் சந்தை மாதிரிகளில் 47 சதவீதத்தில் அந்த நிறமி இருந்தது. ஆய்வாளர்கள் அதை வெளிப்படுத்தி, அரசு சோதனை நடத்தித் தண்டம் விதித்த பிறகு, 2021-இல் அது ஒரு மாதிரியிலும் தென்படவில்லை. காரீயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். குறைந்த அளவும் தீங்குதான். ஆகவே சற்று மங்கலான, மேல்தோல் சொரசொரப்பாக உள்ள விரலியை வாங்குங்கள். கையில் தேய்த்தவுடன் பளீரென்ற மஞ்சள் ஒட்டினால் விட்டுவிடுங்கள். மாவு மில்லில், மிளகாய் அரைத்த கையோடு உங்கள் மஞ்சளைப் போட விடாதீர்கள்.

கேள்வி (ஆம்பூர்): தண்ணீரில் தூளைப் போட்டுப் பார்த்தால் கலப்படம் தெரிந்துவிடுமாமே?

பதில்: செயற்கைச் சாயம் மிகுதியாக இருந்தால் நீர் அடர் மஞ்சளாக மாறும், அந்த அளவுக்கு அது உதவும். காரீயத்தை எந்தச் சமையலறைச் சோதனையும் உறுதியாகக் காட்டாது. அதற்கு ஆய்வுக்கூடம்தான் வேண்டும்.

கேள்வி (திருச்சி): வெள்ளை வேட்டியில் பட்ட மஞ்சள் கறையில் சோப்புப் போட்டால் சிவந்துவிடுகிறதே?

பதில்: சோப்பின் காரத்தன்மையால் மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் சிவக்கிறது. மஞ்சள் நீரில் சுண்ணாம்பு கரைத்து ஆரத்தி எடுக்கும்போது நடப்பதும் இதுவே. நன்றாக அலசி நல்ல வெயிலில் காய வையுங்கள். ஒளி பட்டால் குர்குமின் சிதையும்.

கேள்வி (கோவை): மஞ்சள் பாலில் மிளகு சேர்த்தால் சத்து 2000 சதவீதம் கூடுகிறது என்பது ஆய்வில் நிரூபிக்கப்பட்டதுதானே?

பதில்: 1998-இல் வெளியான அந்த ஆய்வில் கொடுத்தது மஞ்சள் பால் அன்று, 2 கிராம் தூய குர்குமினும், மிளகிலிருந்து பிரித்த பைப்பரின் 20 மில்லிகிராமும். குர்குமினை மட்டும் உண்டவர்களின் இரத்தத்தில் அது ஏறக்குறைய காணப்படவே இல்லை. இல்லாமைக்கு அருகில் உள்ள ஒன்றை இருபது மடங்காக்கினாலும் சிறிதளவே கிடைக்கும். மஞ்சள் தூளில் சுமார் 3 சதவீதமே குர்குமின். அரைத் தேக்கரண்டித் தூளில் 45 மில்லிகிராம் அளவே தேறும். இருமலுக்கு வெதுவெதுப்பான பால் இதமளிக்கும், தாராளமாகக் குடியுங்கள்.

கேள்வி (மீண்டும் கோவை): அப்படியானால் குர்குமின் மாத்திரையே சிறந்தது என்றாகிறதே! மஞ்சளால் புண் ஆறுவதை ஒப்புக்கொண்டு அமெரிக்கா காப்புரிமையே கொடுத்ததல்லவா?

பதில்: 1995-இல் கொடுத்தார்கள், நம் நாட்டின் அறிவியல் தொழிலக ஆய்வு மன்றம் பழைய நூல்களைச் சான்றாக வைத்து எதிர்த்ததால் 1997-இல் நீக்கினார்கள். இது புதிய கண்டுபிடிப்பு அன்று என்பதே அங்கே முடிவான வழக்கு. புண் ஆறுமா என்று அங்கே யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். திறந்த புண்ணில் சமையல் தூளைத் தூவுவதும் வேண்டாம்; அதில் கிருமிகள் இருக்கும்.

மாத்திரைக்கு வருவோம். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில், அரைத் தேக்கரண்டித் தூளில் உள்ளதைப்போல் சுமார் பத்து மடங்கு குர்குமின் இருக்கும். உலக சுகாதார அமைப்பும் உணவு வேளாண்மை அமைப்பும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 3 மில்லிகிராமை வரம்பாக வைத்துள்ளது. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 180 மில்லிகிராம். இத்தாலியிலும் அமெரிக்காவிலும் இத்தகைய மாத்திரைகளை உண்ட சிலருக்குக் கல்லீரல் அழற்சி வந்தது பதிவாகியுள்ளது. அவற்றில் பல பைப்பரின் சேர்த்தவை. பைப்பரின் செய்வது என்ன? வேற்றுப் பொருள்களைக் கழித்து வெளியேற்றும் நொதிகளைத் தடுக்கிறது. அதே நொதிகள்தாம் நீங்கள் உண்ணும் வேறு மருந்துகளையும் கழிக்கின்றன. உறிஞ்சுதல் கூடுகிறது என்று விளம்பரத்தில் வருவதும் ஆபத்து என்று நான் சொல்வதும் ஒரே வேதிவினைதான். குழம்பில் இடும் மஞ்சளுக்கும் மிளகுக்கும் இந்த அச்சம் பொருந்தாது.

கேள்வி (தஞ்சாவூர்): மூட்டுவலிக்கு மஞ்சள் மாத்திரை உண்ணலாமா?

பதில்: சில சிறிய ஆய்வுகளில் வலி ஓரளவு குறைந்திருக்கிறது, அவற்றின் தரம் உயர்ந்ததன்று. கல்லீரலைப் பற்றி மேலே எழுதியதைப் படித்துவிட்டு மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி (சேலம்): சர்க்கரை நோய்க்கு எத்தனை மாத்திரை?

பதில்: மருத்துவரிடம் கேளுங்கள். முதல் பத்தியை மீண்டும் படியுங்கள்.

கேள்வி (மதுரை): என் தந்தையார் இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் உண்கிறார். மஞ்சளையே நிறுத்திவிடலாமா?

பதில்: இதைக் கேட்டது நல்லது. சமையலில் வழக்கமாக இடும் அளவைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். மாத்திரையோ, தினமும் மஞ்சள் கரைத்த நீரோ கூடாது, இரத்தக்கசிவு ஏற்படக்கூடும். பித்தப்பையில் கல் உள்ளவர்களுக்கும், சிறுநீரகக் கல் வந்தவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். மஞ்சள் பித்தப்பையைச் சுருங்கச் செய்யும், சிறுநீரகக் கல் உருவாகத் துணைபோகும் ஆக்சலேட் என்ற பொருளும் அதில் உண்டு.

கேள்வி (நெல்லை): முகத்துக்குக் கஸ்தூரி மஞ்சள் எது, எப்படிப் பூசுவது?

பதில்: அது சமையல் மஞ்சளினின்று வேறான இனம். தோலைப் பற்றித் தோல் மருத்துவர் சொல்வார்.

கேள்வி (புதுச்சேரி): குர்குமின் மாத்திரையில் எந்த நிறுவனத்தது நல்லது?

பதில்: பதில் இல்லை.

கேள்வி (நாமக்கல்): அரைத்த தூளை எப்படி வைத்துக்கொள்வது?

பதில்: ஒளி படாத, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள், அடுப்புக்கு மேலுள்ள தட்டில் வைக்காதீர்கள். ஈரக் கரண்டியை இட்டால் கட்டி பிடித்துப் பூஞ்சை வரும். விரலியாகவே இருப்பு வைத்துச் சிறிது சிறிதாக அரைத்துக்கொண்டால் மணம் குறையாது.