பழைய தீயணைப்பான்களைப் புளி போட்டுத் துலக்கலாமா?

வணக்கம். மூடிக்கிடந்த ஒரு நூற்பாலையிலிருந்து இரண்டு பழைய தீயணைப்பான்கள் எனக்குக் கிடைத்தன. ஒன்று கூம்பு வடிவச் செம்புக் கலம், நுனியில் குமிழ். இன்னொன்று ஒரு முழ நீளப் பித்தளைக் கைப்பம்பு, ஆட்டினால் உள்ளே ஏதோ சளசளக்கிறது. புளி போட்டுத் துலக்கி முன்னறையில் வைக்க ஆசை. கூம்பை நிரப்பி ஒருமுறை இயக்கியும் பார்க்கலாமா?

- ஒரு வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

புளி இருக்கட்டும், முதலில் அந்தச் சளசளப்பைக் கவனியுங்கள். இந்த வகைக் கைப்பம்பில் இருப்பது பெரும்பாலும் கார்பன் டெட்ராகுளோரைடு. மின்சாரத்தைக் கடத்தாது என்பதால் மோட்டார்களுக்குப் பக்கத்தில் மாட்டிவைத்தார்கள். ஆவி ஈரலைக் கெடுக்கும், தோல் வழியாகவும் உடம்பில் ஏறும். நெருப்பில் பட்டால் பாஸ்ஜீன் உண்டாகும். முதல் உலகப் போரில் நச்சு வாயுவாக வீசப்பட்டது அதுதான். கைப்பிடியை இழுத்துப் பார்க்காதீர்கள். வீட்டுக்கு வெளியே நிழலில் வைத்து, அபாயக் கழிவு கையாள உரிமம் உள்ளவர்களிடம் கொடுத்துக் காலி செய்யுங்கள். சாக்கடையில் ஊற்றினால், தண்ணீரைவிட ஒன்றரை மடங்கு கனமான அந்தத் திரவம் நிலத்தடி நீருக்குள் இறங்கிவிடும்.

கூம்பு, சோடா-அமில வகை. சுமார் 9 லிட்டர் தண்ணீரில் ஆப்பசோடா கரைந்திருக்கும், உள்ளே கண்ணாடிக் குப்பியில் கந்தக அமிலம். குமிழை அடித்தால் குப்பி உடைந்து, பொங்கும் கரியமில வாயு தண்ணீரைப் பீய்ச்சும். தொடங்கினால் நிறுத்த வழியில்லை. அமிலம் கசிந்து உலோகம் பற்றவைத்த இணைப்புகள் மெலிந்திருக்கும், வாய்க்குழல் உப்பு பிடித்து அடைத்திருக்கும்; அந்த நிலையில் அழுத்தம் ஏறினால் கலம் வெடிக்கும். அமெரிக்காவில் 1969-லேயே இதன் உற்பத்தி நின்றுபோனது. ஆகவே இயக்கிப் பார்க்கும் பேச்சே வேண்டாம்.

குப்பி முழுசாக இருக்கலாம் என்பதால் கவிழ்க்காமல், குமிழில் இடிபடாமல் தூக்குங்கள். குப்பியை வெளியே எடுக்க வேதியியல் ஆய்வகத்தில் பழகியவர் தேவை. பிறகு லிட்டருக்கு 50 கிராம் ஆப்பசோடா கரைத்து, மூடியைத் திறந்தபடியே உள்ளே ஊற்றுங்கள். நுரை அடங்கியதும் கொட்டி, வடிநீரில் (காய்ச்சி வடித்த நீர்) மூன்று முறை அலசி, வாய் திறந்தே ஒரு வாரம் காயட்டும். உள்ளே சாம்பல் நிறத் தூள் இருந்தால் ஈயமாக இருக்கலாம், கையுறை போடுங்கள்.

இனி புளி. அதன் அமிலம் பித்தளையிலுள்ள துத்தநாகத்தைத் தின்றுவிடும், மேற்பரப்பு செம்பு நிறமாகித் திட்டுத்திட்டாகும். கடையில் விற்கும் பாலீஷ் பலவற்றில் அமோனியா உண்டு, அது இன்னும் மோசம். பிரிட்டிஷ் இந்தியாவில் குதிரை லாயங்களில் வைத்திருந்த பித்தளைத் தோட்டா உறைகள் மழைக்காலத்தில் தானாக விரிசல் விட்டன. மூத்திரத்திலிருந்து எழுந்த அமோனியாதான் காரணம் என்று 1921-இல் விளக்கினார்கள். மெல்லிய சுண்ணாம்புக்கட்டித் தூளை (சாக்; சுட்ட சுண்ணாம்பு அல்ல) வடிநீரும் கொஞ்சம் ஸ்பிரிட்டும் சேர்த்துக் குழைத்து, பருத்தித் துணியில் தொட்டு மெதுவாகத் தேயுங்கள். காய்ந்ததும் மைக்ரோ கிரிஸ்டலைன் மெழுகு (பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் நுண்படிக மெழுகு) மெல்லிசாக ஒரு பூச்சு.

தயாரிப்பாளர் தகட்டையும், மறுநிரப்பிய தேதி பொறித்த இடத்தையும் தொடவே தொடாதீர்கள். தேய்த்தால் முதலில் மழுங்குவது அந்த எழுத்துகள்தான், கலத்தின் மதிப்பே அவற்றில்தான் இருக்கிறது. ஆலையில் எந்தப் பிரிவுச் சுவரில் தொங்கியது என்று பழைய தொழிலாளிகளிடம் கேட்டு எழுதிவைத்தால் இன்னும் நல்லது. தோல் வாஷருக்கு எண்ணெய் பூசாதீர்கள், கொழுப்பும் செம்பும் சேர்ந்து பச்சை மெழுகாகக் கசியும். அலமாரியில் வைக்கும்போது கூம்பின் மூடியை இறுக்க வேண்டாம், இரண்டு சுற்று போதும்.