குடும்பக் குறிப்பேட்டுக்கு ஒரு கிராணி வேண்டும்

கேள்வி: நான் பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். 74 வயது அம்மா என்னோடு இருக்கிறார். அண்ணன் கோலாலம்பூரில், தங்கை குடும்பம் மெல்பர்னில், என் மகன் லண்டனில் படிக்கிறான். வாட்ஸ்அப் குழு ஒன்று உண்டு. ஆனால் காலை வணக்கப் படங்களும் ஃபார்வர்டுகளும் கொட்டுகிற கொட்டில் முக்கியமானது எல்லாம் காணாமல் போகிறது. போன மாதம் அம்மா, தாத்தா தோட்டத்தில் பால்மரம் (ரப்பர்) சீவிய காலத்தைப் பற்றிக் குரல் பதிவு அனுப்பினார். இப்போது அதைக் காணோம். எல்லோரும் சேர்ந்து எழுத இணையத்தில் ஒரு பொது நாட்குறிப்பு வைக்க ஆசை. எந்த ஆப் நல்லது? அம்மாவுக்கு டைப் அடிக்க வராது. அண்ணன், ‘இதையெல்லாம் யார் உட்கார்ந்து எழுதுறது’ என்கிறார். வெளியாட்கள் பார்த்துவிடுவார்களோ என்ற பயமும் இருக்கிறது.

பதில்: முதலில் அந்தக் குரல் பதிவைத் தேடுவோம், ஆப் அப்புறம். அம்மாவிடம் ஆண்ட்ராய்டு போன் இருந்தால் ஃபைல்ஸ் ஆப்பைத் திறந்து ‘வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்ஸ்’ என்ற ஃபோல்டரைத் தேடுங்கள். உள்ளே வாரத்துக்கு ஒரு ஃபோல்டர் இருக்கும். 202510 என்றால் 2025-ஆம் ஆண்டின் 10-ஆவது வாரம். ஒவ்வொரு பதிவின் பெயரிலும் தேதி இருக்கும். யாராவது குழுவில் ‘மறையும் செய்திகள்’ வசதியைப் போட்டு வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். 24 மணி நேரம், 7 நாள், 90 நாள் என்று அதில் மூன்று கெடு உண்டு. கெடு முடிந்தால் செய்தி தானாகப் போய்விடும். உங்கள் போனில் போயிருந்தாலும் பதற வேண்டாம். மெல்பர்ன் தங்கை அதை அன்றைக்கே வேறு யாருக்காவது அனுப்பியிருக்கலாம். கேட்டுப் பாருங்கள்.

நம்மில் பலர் நினைப்பதுபோல வாட்ஸ்அப் நம் படங்களையும் பேச்சையும் தன் சர்வரில் காலத்துக்கும் வைத்திருப்பதில்லை. மூலம் நம் போனில்தான் இருக்கிறது. போன் போனால், பேக்கப்பும் இல்லையென்றால், கதை முடிந்தது.

சரி, ஆப். நானும் ஒரு காலத்தில் இதில் ஏமாந்தவன்தான். எங்கள் வீட்டுக்காக அழகான ஓர் ஆப்பைப் பிடித்து, 14 பேரையும் சேர்த்து, ‘ஆளுக்கு வாரம் ஒரு பக்கம்’ என்று சட்டம் போட்டேன். முதல் வாரம் 9 பேர் எழுதினார்கள். மூன்றாவது வாரம் நானும் ஒரு சித்தியும் மட்டும். அடுத்த ஆண்டு அந்த ஆப்பை நடத்தியவர்கள் கடையை மூடப் போவதாகவும், உள்ளதை இறக்கிக்கொள்ளும்படியும் மின்னஞ்சல் அனுப்பினார்கள். இறக்குவதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை என்பதுதான் வேடிக்கை.

அம்மா தோட்டத்தில் வளர்ந்தவர் என்பதால் அவருக்கு ஒரு வார்த்தையில் புரியும்: இதற்கு ஒரு கிராணி வேண்டும். தோட்டத்தில் எல்லோரும் மரம் சீவுவார்கள், செக்ரோல் என்ற ஆள்கணக்குப் பதிவேட்டை எழுதுவது கிராணி என்ற கணக்கர் ஒருவர்தான். எல்லோரையும் எழுத வைக்க முயன்றால் யாரும் எழுத மாட்டார்கள். எல்லோரும் பேசட்டும், படம் போடட்டும், இப்போது செய்வதையே செய்யட்டும். அதிலிருந்து எடுத்து வைக்க ஒருவர் இருந்தால் போதும். கேள்வி கேட்டவர் நீங்கள், ஆகவே முதல் கிராணி நீங்கள்தான். ஞாயிற்றுக்கிழமை இரவு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். வாரம் முழுக்கக் குழுவில் வந்ததில் வைத்துக்கொள்ளத் தகுந்தது இரண்டோ மூன்றோதான் இருக்கும். தங்கை மகள் முதல்முறை தனியாகத் தோசை ஊற்றிய படம், அதற்கு அம்மா சொன்ன பதில், அவ்வளவுதான். அதை நாட்குறிப்புக்கு மாற்றி, தேதி, யார், எங்கே என்று ஒரு வரி சேருங்கள். காலை வணக்கப் படங்களோடு சண்டை போடாதீர்கள், அவை குழுவிலேயே சுகமாக இருக்கட்டும். ஓராண்டு கழித்து வேலையை மகனிடம் கொடுங்கள்.

கருவிக்கு என் சிபாரிசு சுவாரசியமே இல்லாதது: கூகுள் டாக்ஸ். எல்லோர் போனிலும் ஓடும், காசு இல்லை, நாளைக்கு வேறு இடத்துக்கு மாற்ற வேண்டுமென்றால் சுலபமாக இறக்கலாம். ஆண்டுக்கு ஒரு கோப்பாக வையுங்கள். ஒரே கோப்பில் பல ஆண்டுகளையும் படங்களையும் திணித்தால் போனில் திறக்கவே நேரம் பிடிக்கும். குரல் பதிவுகளையும் பெரிய படங்களையும் கூகுள் டிரைவில் ஒரு ஃபோல்டரில் போட்டு, கோப்பில் அதன் லிங்க்கை ஒட்டினால் போதும். கூகுள் இலவசமாகத் தருவது ஒரு கணக்குக்கு 15 ஜிபி. ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் எல்லாம் அதற்குள் அடக்கம். ஆண்ட்ராய்டு போனில் வாட்ஸ்அப் பேக்கப்பும் இப்போது அந்தக் கணக்கில்தான் சேர்கிறது. பேச்சு அதிக இடம் பிடிக்காது. ஒரு நிமிடக் குரல் பதிவு ஒரு எம்பிகூட வராது. இடத்தைத் தின்பது வீடியோதான். அதனால் அம்மாவின் பேச்சுக்குக் கணக்குப் பார்க்காதீர்கள், பிறந்தநாள் வீடியோவுக்குப் பாருங்கள்.

இனி அம்மா. உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த வரி, ‘டைப் அடிக்க வராது’ என்பது. வராமல் இருப்பதே நல்லது. டைப் அடிக்கிறவர்கள் சுருக்கி எழுதுவார்கள், பேசுகிறவர்கள் சுற்றி வளைத்து வருவார்கள். நமக்கு வேண்டியது அந்தச் சுற்றல்தான். அவர் இப்போது போலவே குரல் பதிவு அனுப்பட்டும். கேள்வி கேட்பது மட்டும் உங்கள் வேலை. ‘அந்தக் காலம் எப்படி இருந்துச்சும்மா’ என்று கேட்டால் ‘கஷ்டந்தான், ஆனா நல்லா இருந்துச்சு’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். ‘பெரட்டுக்கு எத்தனை மணிக்கு எழுந்திருப்பீங்க, யாரு முதல்ல அடுப்பு மூட்டுவா?’ என்று கேட்டுப் பாருங்கள் (பெரட்டு என்றால் தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் கூட்டம்), பத்து நிமிடம் வரும். பினாங்குப் பாலம் 1985-இல்தான் திறந்தது. அதற்கு முன்னால் தைப்பூசத்துக்குப் பினாங்குத் தீவின் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகப் பிள்ளைகளையும் சாப்பாட்டுத் தூக்கையும் எப்படி ஃபெரியில் ஏற்றினார்கள் என்று கேளுங்கள். 1982 ஜனவரி 1-ஆம் தேதி தீபகற்ப மலேசியா முழுவதும் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளிவைத்தது. அம்மாவுக்கு அப்போது முப்பது, முப்பத்தொன்று வயது இருக்கும். மறுநாளிலிருந்து பிள்ளைகளை இருட்டில் எழுப்ப வேண்டியிருந்ததா என்று கேளுங்கள். இந்த மாதிரிக் கேள்வியை நான் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன். கடிகாரத்தைப் பற்றி யாரும் ரொம்பப் பேசுவதில்லை; அன்றைக்குக் குடியிருந்த வீடு, பக்கத்து வீட்டுக்காரர், பள்ளி வேன் என்று போய்விடுவார்கள்.

பழைய படம் ஒன்றைக் கையில் கொடுத்துக் கேட்பது இன்னும் சுலபம். படத்தில் இருப்பவர்களை விரலால் தொட்டுத் தொட்டுப் பெயர் சொல்லச் சொல்லி, அதை வீடியோ எடுங்கள். பழைய படமும் விரலும் வீடியோவில் தெரிந்தால் போதும், அம்மாவின் முகத்தை எடுக்க வேண்டாம். கேமரா முகத்துக்கு வந்தால் அம்மாக்கள் உடனே சேலையைச் சரிசெய்துகொண்டு மேடைப் பேச்சுத் தொடங்கிவிடுவார்கள். பதிவு செய்கிறீர்கள் என்பதை மட்டும் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள்.

பேச்சை எழுத்தாக்க வேண்டுமா? ஆசை இருந்தால் செய்யுங்கள், கட்டாயம் இல்லை. கூகுளின் குரல் தட்டச்சில் தமிழுக்கு இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா என்று தனித்தனித் தேர்வு இருக்கிறது. மலேசியாவைத் தேர்ந்தெடுத்தாலும் ‘பாசார் மாலாம் (இரவுச் சந்தை) போயிட்டு’ போன்ற மலாய் கலந்த நம் வாக்கியங்களில் அது தடுமாறத்தான் செய்யும். கையால் அடிப்பதென்றால் நம் ஊர்க்காரர் முத்து நெடுமாறன் 1985-இல் தொடங்கிய முரசு அஞ்சலும், கைப்பேசிக்கான செல்லினமும் இருக்கின்றன. எப்படிச் செய்தாலும் இரண்டு விஷயம். ஒன்று, எழுதி முடித்தபின் குரலை அழிக்காதீர்கள். இன்னொன்று, அம்மாவின் பேச்சைத் திருத்தாதீர்கள். ‘மூணு வெள்ளி’ என்றால் மூணு வெள்ளிதான், மூன்று ரிங்கிட் ஆக்க வேண்டாம்.

மெல்பர்ன் பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்க வராமல் இருக்கலாம். அவர்கள் தங்களுக்கு வந்த மொழியில் எழுதட்டும். ரோமன் எழுத்தில் தமிழும் மலாயும் கலந்து எழுதினாலும் அனுமதியுங்கள், எழுத்துப் பிழை பார்க்கிற மாமா யாரும் அந்தப் பக்கம் வரக்கூடாது. பாட்டியின் குரலை அவர்கள் கேட்கத்தானே போகிறார்கள்.

வீடியோ அழைப்பைவிட இது உங்கள் குடும்பத்துக்குப் பொருந்துவதற்கு நேரக் கணக்கும் ஒரு காரணம். இங்கே இரவு 9 மணி என்றால் லண்டனில் பருவத்தைப் பொறுத்துப் பகல் 1 அல்லது 2 மணி, மகன் வகுப்பில் இருப்பான். மெல்பர்னில் 11 அல்லது நள்ளிரவு 12, தங்கை தூங்கியிருப்பார். நாட்குறிப்புக்கு யாரும் யாருக்காகவும் விழித்திருக்க வேண்டியதில்லை.

வெளியாட்கள் பற்றிய பயம் நியாயமானது, ஆனால் ஹேக்கரை நினைத்துப் பயப்படாதீர்கள். கூகுள் டாக்ஸில் பகிரும்போது ‘லிங்க் உள்ள யாரும்’ என்று ஒரு தேர்வு இருக்கிறது. அவசரத்தில் அதைத் தொட்டுவிட்டால், உறவினர் ஒருவர் அந்த லிங்க்கை வேறு குழுவுக்கு அனுப்பிய நிமிடத்தில் உங்கள் வீட்டுக் கதை ஊர்க்கதை. ஒவ்வொருவரையும் அவரவர் மின்னஞ்சல் வழியாகத் தனித்தனியாகச் சேருங்கள். திருத்தும் உரிமை உங்களுக்கும் இன்னொருவருக்கும் போதும், மற்றவர்களுக்குக் கருத்து எழுதும் உரிமை. உங்களில் ஒருவர் தவறுதலாக ஒரு பக்கத்தை அழித்துவிட்டாலும், பழைய வடிவங்களைக் காட்டும் ‘வெர்ஷன் ஹிஸ்டரி’ வழியாக மீட்டுவிடலாம்.

என்ன எழுதக்கூடாது என்பதில் மட்டும் கறாராக இருங்கள். ஐசி (அடையாள அட்டை), பாஸ்போர்ட், வங்கிப் புத்தகம் இவற்றின் படங்கள் வேண்டவே வேண்டாம். நம் ஐசி எண்ணின் 12 இலக்கங்களில் முதல் 6 பிறந்த தேதி, அடுத்த 2 பிறந்த இடத்தின் குறி, கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். அதாவது ‘இன்று அம்மா பிறந்தநாள், பிறந்தது பினாங்கில்’ என்று ஆண்டோடு எழுதினாலே பாதிக்கு மேல் வெளியே வந்துவிடுகிறது. கேக் படம் போடுங்கள், ஆண்டை விட்டுவிடுங்கள். நோய், பெண் பார்த்தது, கடன் ஆகியவை சம்பந்தப்பட்டவர் தானே சொன்னால் ஒழிய ஏறக்கூடாது. யாரைப் பற்றிய குறிப்போ அவர் ‘எடு’ என்றால் காரணம் கேட்காமல் எடுத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் ஒரு நிச்சயதார்த்தம் முறிந்தபோது இந்த விதி இல்லாமல் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

கோப்பு யார் கணக்கில் இருக்கிறது என்பதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். கணக்குக்குச் சொந்தக்காரர்தான் கோப்புக்கும் சொந்தக்காரர், கணக்கு போனால் எல்லோருக்கும் போய்விடும். 2 ஆண்டு பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை கூகுள் நீக்கலாம். உங்கள் கணக்கின் அமைப்பில் ‘இன்ஆக்டிவ் அக்கவுன்ட் மேனேஜர்’ என்ற ஒன்று இருக்கிறது. 3 மாதம் முதல் 18 மாதம் வரை ஒரு கெடுவை நீங்களே வைக்கலாம். அதுவரை உங்கள் சத்தமே இல்லையென்றால் நீங்கள் குறித்த ஆட்களுக்குத் தகவலும் கோப்புகளும் போய்ச் சேரும். மகனையும் தங்கையையும் அதில் போடுங்கள். பேசச் சங்கடமான விஷயம்தான், பத்து நிமிட வேலை.

கடைசியாக அண்ணன். அவரை எழுதச் சொல்லிக் கெஞ்சாதீர்கள். டிசம்பரில் அந்த ஆண்டுக் கோப்பைப் பிடிஎப் ஆக்கி எல்லோருக்கும் அனுப்புங்கள், அதுவே ஒரு காப்புப் பிரதி. அண்ணனுக்கு மட்டும் ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து, ஓரத்தில் அகலமாக இடம் விட்டு, பைண்டிங் போட்டு, ஒரு பேனாவோடு தீபாவளிக்கோ பொங்கலுக்கோ கையில் கொடுங்கள். தம்பி தங்கை சொன்ன கதையில் ஆண்டு தப்பாக இருந்தால் எந்த அண்ணனும் சும்மா இருக்க மாட்டார். ‘1974 இல்லை, 73. லாரி ஓட்டினது முனியாண்டி இல்லை, அவன் தம்பி’ என்று ஓரமெல்லாம் எழுதுவார். அந்தப் பக்கங்களைப் படமெடுத்து, அவர் கையெழுத்தோடு அப்படியே கோப்பில் சேர்த்துவிடுங்கள்.